நீலம் போன தண்ணீர்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பன்னிரண்டு பொட்டலங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ சாம்பல் நிறப் பொடி. அறுபதை நெருங்கும் ஓர் ஆள் வேட்டி சட்டைக்கு நடுவே இப்படிப் பொடியோடு வந்து நின்றால் எந்த நாட்டில்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? என்ன இது என்று கேட்டார். களிமண் என்றேன். எதற்கு என்றார். தண்ணீரில் கலந்த சாயத்தை எடுப்பதற்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய், தலையில் முக்காடிட்ட ஒரு மேலதிகாரி அம்மாவை அழைத்து வந்தார்.

அந்த அம்மா நான் கொண்டுவந்த கடிதத்தையும் சான்றிதழையும் நிதானமாகப் படித்தார். பிறகு ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்துத் தன் புறங்கையில் தேய்த்துப் பார்த்து, மலாயில் ஏதோ சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "உங்க மண்ண மூஞ்சில பூசுனா பத்து வயசு கொறையுமாம் சார், அனுப்பிடலாம்னு சொல்றாங்க" என்று பக்கத்து வரிசையில் நின்ற தமிழ்ப்பெண் எனக்குச் சொன்னார். முப்பது வருஷம் நான் ஆராய்ந்த பொருளை இரண்டு விரலால் எடை போட்டுவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் வேதியியல் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். எங்கள் பகுதியில் வாய்க்காலைப் பார்த்தே வெளிநாட்டில் இந்த வருஷம் என்ன நிறச் சட்டை விற்கிறது என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டுக் கிணறு ஒரு கோடையில் செம்பருத்திச் சாறு போல ஆனது. என் மனைவி வசந்தா அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஆறு வருஷம் குடித்தாள். பிறகு சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அவள் போன பிறகு எனக்கு ஒரே ஒரு எதிரிதான் உண்டு. அது தண்ணீரில் இருக்கும் நிறம்.

களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. அதைப் பொடியாக்கினால் ஒரு கரண்டி மண்ணுக்குள் ஒரு பெரிய மைதானத்தின் பரப்பு ஒளிந்திருக்கும். சாயம் கலந்த தண்ணீர் அதன் வழியே போனால் சாயம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் வெளியே வரும். மணலும் இந்த மண்ணும் கலந்த ஒரு பீப்பாயை நான் செய்து காட்டிய காணொளியை என் மாணவர்கள் எங்கோ ஏற்றிவிட்டார்கள். அதைக் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் கதிரேசன் பார்த்துவிட்டார். மூன்று மாதமாக நீலத் தண்ணீர் நிரம்பிய ஒரு ஜாம் போத்தலின் படத்தை அவர் எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு குரல்செய்தி வந்தது. "சார், ஒம்போது வருஷம் கழிச்சு என் பொண்டாட்டி மாசமா இருக்கா. ஏழாம் மாசம். தண்ணி நீலமா வர்ற அன்னிக்கெல்லாம் மேல ஆபிஸ் பைப்புலேருந்து தண்ணி தூக்குறா. நான் விடியறதுக்கு முன்ன லோரி எடுத்துடுவேன். நீங்க ஒரு தடவ வந்து பாத்தா போதும்லா." வசந்தாவும் குடம் தூக்கியவள்தான். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மலையேறும் பேருந்தில் பாதி வழியில் என் குடல் வாய்க்கு வந்துவிட்டது. வளைவு முடிந்தால் வளைவு. ஒரு வளைவில் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி அச்சு முறிந்து குறுக்கே நிற்க, எல்லாரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். ஒரு சீனப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து காய்ந்த இஞ்சி மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். பேருந்து ஓட்டுநர் அவர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தார்: "கீழே பார்க்காதே, தூரத்து மலையைப் பார்." பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் மழை பெய்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. எங்கள் ஊராக இருந்தால் அதற்குள் இரண்டு கட்சி உருவாகியிருக்கும்.

தானா ராத்தாவில் கதிரேசன் குடையோடு காத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, எதையும் மெதுவாகச் சொல்லும் மனிதர். முதல் காரியமாக என்னை ஒரு கடைக்கு அழைத்துப்போய் ரொட்டி சானாயும், தே தாரிக் எனும் நுரைக்க ஆற்றிய பால் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். நம் பரோட்டாவின் தங்கைதான் இந்த ரொட்டி. ஆனால் நம்மவள் போல முரண்டு பிடிக்காமல், பருப்புக் குழம்பில் தொட்டவுடனே கரைந்துபோகிறாள். நான் நான்கு சாப்பிட்டேன். கதிரேசன் தனக்கு ஒன்றும் வாங்காமல் இரண்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டார். "தேவிக்கு சார். ராத்திரி பசிக்குது, பசிக்குதுங்கிறா."

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்கிறார்கள். கதிரேசனுடைய லயத்தில் பன்னிரண்டு வீடுகள். பின்னால் தேயிலை மலை, வாரிச் சீவிய தலை போல வகிடு வகிடாக. புதிய குடியிருப்புகளுக்கு அரசாங்கக் குழாய் வந்துவிட்டது. இந்தப் பழைய லயத்துக்கு மட்டும் மேலிருந்து வரும் ஓடையில் சின்னதாகத் தொட்டி கட்டி, கறுப்புக் குழாய் வழியாகத் தண்ணீர் இறக்கியிருந்தார்கள். தேவி வாசலில் நின்றிருந்தார். வயிற்றைத் தாங்கிய கையை எடுக்காமலே மற்றக் கையால் என் பெட்டியை வாங்க வந்தார். நான் கொடுக்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் லயத்தின் வழக்கம் ஒன்றைப் பார்த்தேன். முதலில் எழுந்து வருகிறவர் பொதுக்குழாயில் அந்த ஜாம் போத்தலை நிரப்பிச் சுவர்மேல் வைக்கிறார். மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டுக்காரரும் மாதாவைக் கும்பிடுகிற வீட்டுக்காரரும் கண் திறந்ததும் பார்ப்பது அந்தப் போத்தலைத்தான். தண்ணீர் தெளிவாக இருந்தால் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். நீலமாக இருந்தால் முதலில் பார்த்தவர் ஓடிப்போய் வால்வை மூட வேண்டும். அன்று முழுவதும் யாரும் திறக்க மாட்டார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி ஆகுமாம்.

அன்று போத்தல் நீலமாக இருந்தது. ஒரு விதத்தில் எனக்கு உற்சாகம்தான். வேட்டைக்காரனுக்குப் புலித்தடம் கிடைத்த மாதிரி.

"மேல திரிங்காப் பக்கம் ஒரு பூத்தோட்டம் சார்" என்றார் தேவி. "வெள்ளச் செவ்வந்திய நீலத் தண்ணியில நட்டு வச்சா, மறுநாள் பூவெல்லாம் நீலமா மாறிடும். டவுன்ல நல்லாப் போகுதாம். மிச்சத் தண்ணிய ஓடையில ஊத்திடறாங்க."

"யார் ஊற்றுகிறார்கள்?"

அவர் கடைசி வீட்டைக் காட்டினார். பூட்டியிருந்தது. "ஸ்டெல்லா அக்கா. அங்கதான் சாயம் கலக்குறாங்க. இப்ப பூ சீசன், ஒரு வாரம் அங்கயே தங்கி வேல. லயத்துல எல்லாரும் ஒரு மாதிரியாத்தான் பேசுவாங்க. தெரிஞ்சே செய்யறாங்களேன்னு. எனக்கு அப்படித் தோணலை. அக்கா என்ன செய்வாங்க, வேலலா."

பூட்டிய கதவைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகளிலும் இப்படித்தான், குழாயைத் திறந்துவிடுகிற கை எப்போதும் பக்கத்து வீட்டுக்காரருடையதாகவே இருக்கும். அந்த ஸ்டெல்லா வந்ததும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பிற்பகல் லயமே கூடி நின்றது. தோட்டத்துக் கிராணியார், அதாவது எழுத்தர், நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் களிமண்ணை மணலோடு கலந்து ஒரு தோங்கில் நிரப்பினேன். பிளாஸ்டிக் பீப்பாயை இங்கே தோங் என்கிறார்கள். மேலே நீலத் தண்ணீரை ஊற்றினேன். கீழே நீலத் தண்ணீர் வந்தது. மறுபடி ஊற்றினேன். மறுபடியும் நீலம், துளிகூட வெளுக்கவில்லை. ஊரில் எத்தனை சாயத்தை விழுங்கிய மண் அது. என் முகத்தில் ஈயாடவில்லை. "நம்ம மலைத் தண்ணி ஊரு மண்ணுக்கு அடங்காதுபோல" என்று ஒரு பெண் சொல்ல, மற்றவர்கள் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கதிரேசன் மட்டும், "பிளேன்ல வந்த களைப்பு சார் அதுக்கு" என்றார்.

இரவுச் சோற்றில் தேவி கீரையும் நெத்திலி சம்பலும் வைத்தார். எனக்கு இறங்கவில்லை. காரணம் எனக்குப் புரிந்துதான் இருந்தது, ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. சாயத்தில் இரண்டு சாதி. ஒன்று களிமண்ணோடு சட்டென்று ஒட்டிக்கொள்ளும், மற்றொன்று களிமண்ணைக் கண்டாலே விலகி ஓடும். பூத்தண்டின் வழியே எங்கும் ஒட்டாமல் பூவரை ஏறிப்போகிற சாயம், விலகி ஓடுகிற சாதியாகத்தான் இருக்க முடியும். பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிய வேண்டிய விஷயம். பன்னிரண்டு கிலோவைக் கடல் தாண்டித் தூக்கி வருமுன் நான் யோசித்திருக்க வேண்டியது.

புதன்கிழமை கதிரேசன் அந்த வாரத்துக்கே விடுப்பு எடுத்து என்னைக் கியா பார்ம் சந்தைக்கு அழைத்துப்போனார். மனம் மாறட்டும் என்றுதான். ஸ்ட்ராபெரியும் அவித்த சோளமும் விற்கிற கடைகள், படம் எடுக்கிற கூட்டம். நீலச் செவ்வந்தியும் கட்டுக்கட்டாக இருந்தது. ஒரு சுற்றுலாப் பெண் அதை முகத்தருகே வைத்து, எவ்வளவு அழகு என்று தன் கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அழகுதான். அதில் பொய் சொல்ல முடியாது. திரும்பும் வழியில் மண் சரிந்த ஓர் இடத்தில் எங்கள் வண்டி சிக்கிக்கொண்டது. இறங்கித் தள்ளியபோது நான் வழுக்கி விழுந்து, தலையிலிருந்து கால்வரை சிவப்புச் சேறு. கதிரேசன் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சேற்றுக் காலைத்தான் வீட்டுக்கு வந்து, சோதனைக்கு வைத்திருந்த நீலத் தண்ணீர் வாளியில் தெரியாமல் விட்டுக் கழுவினேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் சேறு அடியில் படிந்திருந்தது. மேலே தெளிந்த தண்ணீரில் நீலம் போன இடம் தெரியவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மலை மண்ணில் இரும்புத் துரு நிறைய. தேயிலை விரும்புகிற புளிப்பு மண் வேறு. என் ஊர்க் களிமண் எதை விலக்கியதோ அதை இது அணைத்துக்கொள்கிறது. பதில் இவர்கள் செருப்படியில் கிடந்திருக்கிறது. அன்று சாயங்காலமே கதிரேசன் இரண்டு மூட்டை மண் வெட்டிவந்தார். வெறும் மண் சேறாகிவிடும் என்பதால் அதைச் சலித்து வறுக்க வேண்டும். தேவி தன் பெரிய குவாலிச் சட்டியை அடுப்பில் வைத்து, உட்கார்ந்தபடியே வறுத்தார். லயத்துப் பெண்கள் முறைபோட்டு வறுத்தார்கள். "ஏழாம் மாசத்துல வளைகாப்புச் சோறு ஆக்குவாங்க, நான் மண்ணு வறுக்குறேன்" என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பெண் குழந்தை என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டதாம். பெயரும் வைத்துவிட்டார்களாம், பிறந்த பிறகுதான் சொல்வார்களாம்.

வியாழக்கிழமை போத்தல் நீலம். வால்வை மூட ஓடியவரை நானே கைகாட்டி நிறுத்தினேன். ஓடைத் தண்ணீரைத் தோங்கு வழியாகத் திருப்பினோம். கீழே வந்த தண்ணீரைப் போத்தலில் பிடித்துச் சுவர்மேல் வைத்தேன். அதன் வழியாக அந்தப் பக்கத்துத் தேயிலை மலை தெளிவாகத் தெரிந்தது. கிராணியார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தேவி ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து, குடிக்கலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். "குடிம்மா. பயப்படாதே. நான் பொறுப்பு" என்றேன். அவர் குடித்தார். கதிரேசன் அந்த வாரம் தூக்குவதற்கு வைத்திருந்த வாளிகளைக் கவிழ்த்து வைத்தார். எனக்கு வசந்தாவின் ஞாபகம் வந்து, தேயிலைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். முப்பது வருஷ வேலை அன்றைக்குத்தான் முடிந்தது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமையும் நீலம் வந்தது, வடிந்து தெளிவாகப் போனது. நான் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளூர்த் தேநீரில் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, ஒரு கல்யாண வீட்டு மாப்பிள்ளை போல லயத்துக்குத் திரும்பினேன். ஆளுக்கு ஆள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மூன்று வீட்டில் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை நான்காவது வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி. ஏழாவது வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் தலைசுற்றல். எனக்கும் வயிற்றைப் புரட்டியது, வெள்ளிக்கிழமை விருந்துதான் என்று நினைத்தேன். தேவி காலையிலிருந்து மூன்று முறை வாந்தி எடுத்திருந்தார். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. உடம்பு காய்ந்துபோகாமல் இருக்க நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன். பதினொரு மணிக்கு அவருக்கு வயிறு இழுத்துப் பிடித்தது. கதிரேசன் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உடனே ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாலையில், கையில் ஒரு பையோடு ஒரு பெண் லயத்துக்கு ஏறி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். விரல் நகங்களெல்லாம் நீலம். கேட்காமலே தெரிந்துவிட்டது, ஸ்டெல்லா. நான் மனதில் எழுதி வைத்த நாலு வார்த்தைக்கு வாய் திறந்தேன். அதற்குள் அவர் தோங்கைப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் கைகூப்பினார்.

"நீங்கதானா சார் ஊர்லேருந்து வந்தது? பூத்தோட்டத்துலயே பேசிக்கிட்டாங்க, லயத்துக்கு பில்ட்டர் போட்டாச்சுன்னு. மனசுக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "மருந்தையும் எடுத்துடும்ல சார்?"

"என்ன மருந்து?"

"பூச்சி மருந்து சார். அடிச்சு முடிச்சதும் அந்த தோங்கையெல்லாம் ஓடையிலதான கழுவுறாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துப் பையைக் கீழே வைத்தார். மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். பூவுக்குப் போட்ட சாயத்தை அவர்கள் ஓடையில் ஊற்றுவதே இல்லை, மறுபடி மறுபடி பயன்படுத்துவார்கள். மருந்துத் தோங்கு கழுவுகிற நாளில் மட்டும், விடியுமுன் அவர் முதலில் ஓடைக்குப் போய் ஒரு கோப்பை சாயத்தை ஊற்றிவிடுவார்.

"முன்ன ஒரு தடவ லயத்து ஆளு ஒருத்தர் தண்ணி சரியில்லன்னு புகார் பண்ணாரு சார். ஆபிசருங்க வந்து தண்ணி எடுத்துட்டுப் போனாங்க, அன்னிக்குத் தண்ணி சுத்தமா இருந்துச்சு. பூத்தோட்டத்துல இருந்த அவரு மகள வேலையிலேருந்து நிப்பாட்டிட்டாங்க. லயத்துல ஒருத்தர்கிட்ட வாயத் தொறந்தாலும் அங்க போயிடும், எனக்கும் அதேதான். மருந்து கண்ணுக்குத் தெரியாது. நீலம் தெரியும்ல. போத்தலப் பாத்து வால்வ சாத்திடுவாங்க. அது கேக்குல போடுற மாதிரி சாயம் சார், நாக்குல வச்சாலும் ஒண்ணும் ஆகாது. ரெண்டு வருஷமா அப்படித்தான் செய்யறேன். என்னைத் திட்டுவாங்கன்னு தெரியும். திட்டட்டும்னு விட்டுட்டேன்." அப்புறம் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார். "தேவி எங்க சார்?"

நான் பதில் சொல்லாமல் ஓடிப்போய் வால்வை மூடினேன். பிறகு பன்னிரண்டு வீட்டுக்கும் போய், பிடித்து வைத்த தண்ணீரையெல்லாம் கொட்டச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். ஸ்டெல்லா பின்னாலேயே வந்து எல்லாரிடமும் தானே சொன்னார்.

பூத்தோட்டம் என்றால் பூச்சிமருந்து இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். எவனாவது ஒரு மாணவன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் அவனை வகுப்பை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன். ஆனால் நான் நீலத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. என் ஊரில் நிறம்தான் விஷம். அந்தக் கணக்கை அப்படியே பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்துவிட்டேன். ஒரு பெண் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு இவர்களுக்காக எழுதி அனுப்பிய எச்சரிக்கையை, வறுத்த மண்ணால் துடைத்து எடுத்துவிட்டு, குடி, நான் பொறுப்பு என்று சொன்னேன்.

ஈப்போ மருத்துவர்களிடம் தண்ணீர் விஷயத்தைச் சொல்லும்படி கிராணியார் கதிரேசனிடம் தொலைபேசியில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை காலை செய்தி வந்தது. தேவி பிழைத்துக்கொண்டார். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. காரணம் பலதும் இருக்கலாம், தண்ணீர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்களாம். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். எத்தனையோ பேர் எங்கள் ஊரில் வசந்தா விஷயத்தில் அதே வாக்கியத்தைச் சொல்லித்தான் தப்பித்தார்கள்.

திங்கட்கிழமை மாலை கதிரேசன் தேவிக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தார். குழந்தையை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். வாசற்படியில் உட்கார்ந்தார். ஸ்டெல்லா ஒரு பக்கம் நின்றார், நான் ஒரு பக்கம். ஸ்டெல்லாவைப் பேசவிடாமல் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லா ஊற்றிய சாயம் எதற்கு என்பதையும், நான் எடுத்தது எதை என்பதையும். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. கதிரேசன் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகார் எழுதித் தருகிறேன் கதிரேசன். என் பெயர் போட்டு எழுதுகிறேன். சனிக்கிழமை கொட்டச் சொன்ன தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்து வைத்திருக்கிறேன்" என்றேன்.

"எழுதுங்க சார்" என்றார். பிறகு, "அதுக்கு ஒரு முடிவு வர்ற வரைக்கும் இங்க பிள்ளைங்க எதப் பாத்து தண்ணி குடிக்கிறது?" என்று கேட்டார்.

அவர் ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "அக்கா. இனிமேயும் ஊத்துவீங்களா?"

ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தார். ஊற்றுவேன் என்று தலையை ஆட்டினார்.

"அந்த தோங்க எடுத்துடுங்க சார்" என்றார் கதிரேசன் என்னிடம். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

நானே அதை அவிழ்த்தேன். உள்ளே சிவப்பு மண் மேலடுக்கில் நீலமாகி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. சாயத்தைப் பிடித்து வைத்திருந்தது, ஒரு துளி விடாமல். அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. கொட்டினால் அதுவும் ஓடைக்குத்தான் போகும் என்பதால் மூட்டையில் கட்டினேன். நான் கொண்டுவந்த சாம்பல் களிமண் பொட்டலங்களில் பிரிக்காதவை அறை மூலையில் அப்படியே கிடந்தன.

அன்றிரவு எனக்கு யார் வீட்டிலும் சாப்பிடத் தோன்றவில்லை. ஏழாவது வீட்டுக்காரர் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். புகாரை நான்கு முறை எழுதி, மூன்றைக் கிழித்தேன். நான்காவதில் பூத்தோட்டம் செய்ததை மட்டுமல்ல, நான் செய்ததையும் எழுதினேன். ஸ்டெல்லாவின் பெயரை எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் கிளம்ப வேண்டிய நாள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நின்றேன். ஸ்டெல்லாவின் வீடு பூட்டியிருந்தது, விடியுமுன்னே வேலைக்குப் போய்விட்டார். மலையில் பனி இன்னும் விலகவில்லை. கதிரேசன் பொதுக்குழாயில் ஜாம் போத்தலைப் பிடித்துச் சுவர்மேல் வைத்தார்.

நீலம்.

வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து அதைப் பார்த்தார்கள். கதிரேசன் ஏறிப்போய் வால்வை மூடினார். திரும்பி வந்து, வியாழக்கிழமை கவிழ்த்து வைத்த வாளிகளை நிமிர்த்தி, இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஆபிஸ் குழாய்க்கு மேட்டில் ஏறத் தொடங்கினார். நான் பின்னாலேயே ஓடி, ஒரு வாளியைக் கேட்டேன்.

அவர் தரவில்லை.